குரல் உரையாடலும் காது கேளாத ஆட்டக்காரரும்: எந்த வழியை முதலில் எடுப்பது?

நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து இணையத்தில் ஆடும் விளையாட்டை உருவாக்கும் ஒரு சிறு நிறுவனம், அதில் குரல் உரையாடலைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும்போதே, காது கேளாத ஆட்டக்காரருக்கு அந்த அணியில் என்ன இடம் என்பதையும் தெரிந்தோ தெரியாமலோ தீர்மானித்துவிடுகிறது. குரல் வந்துவிட்டால் அணியின் திட்டம், எச்சரிக்கை, கேலி, நன்றி எல்லாம் அதற்குள் போய்விடும். திரையில் எஞ்சுவது ஓடும் உருவங்கள் மட்டுமே. அந்தப் பேச்சைக் கேளாதவருக்கும் எட்டச் செய்ய இன்று ஐந்தாறு வழிகள் நடைமுறையில் உள்ளன. சிறு நிறுவனத்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதால், எதை முதலில் எடுப்பது, எதற்கு எவ்வளவு செலவிடுவது, எதை விட்டுவிடலாம் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உலகில் 43 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மறுவாழ்வு உதவி தேவைப்படும் அளவுக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கேட்டல் குறைபாடு உடையோராக ஏறத்தாழ 50.7 லட்சம் பேரைப் பதிவு செய்தது. ஆனால் முடிவெடுப்பவருக்கு எண்ணிக்கையைவிட முக்கியமானது, இவர்கள் அனைவரும் ஒரே வகையினர் அல்லர் என்பதே. பிறவியிலேயே கேளாமல், சைகை மொழியிலேயே வளர்ந்து, எழுத்து மொழியை இரண்டாம் மொழியாகக் கற்றவர் ஒருவர். பேசிப் பழகியபின் கேட்கும் திறனை இழந்து, இன்றும் மைக்கில் தெளிவாகப் பேசக்கூடிய, ஆனால் பிறர் பேசுவதைக் கேட்க இயலாதவர் இன்னொருவர். காதுக்கருவியோ, அறுவைச் சிகிச்சையால் பொருத்தப்படும் காக்ளியர் இம்பிளான்ட் என்ற செவிக்கருவியோ அணிந்து, அமைதியான அறையில் பேச்சைப் புரிந்துகொண்டு, துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சொல்லும் பிடிபடாமல் திண்டாடுபவர் மூன்றாமவர். இந்த மூன்றாமவருக்குப் பேச்சு, இசை, வெடிச்சத்தம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஒலியளவுக் கட்டுப்பாடும், இரு காதுக்கும் ஒரே ஒலியை அனுப்பும் மோனோ தேர்வும் கொடுத்தாலே சிக்கலில் பாதி தீரும். சில நாள் வேலைதான் அது. அதைக்கூடச் செய்யாமல் வெளியாகும் விளையாட்டுகள் உண்டு. மற்ற இருவருக்கும் அதனால் பயன் இல்லை. இனி வரும் ஒப்பீடு பெரும்பாலும் அவர்களைப் பற்றியது.

அமெரிக்கச் சந்தையில் விற்க நினைப்பவருக்கு இது முழுக்க விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயமும் அல்ல. அங்கே 2010 அக்டோபரில் கையெழுத்தான இருபத்தோராம் நூற்றாண்டுத் தகவல்தொடர்பு மற்றும் காணொளி அணுகல் சட்டம், இணையவழிக் குரல் உரையாடல், மின்செய்தி போன்ற சேவைகளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி, செய்ய இயலும் அளவுக்கு, அமைக்க வேண்டும் என்கிறது. விளையாட்டுகளுக்குள் இருக்கும் உரையாடல் வசதியும் இதில் அடங்கும். விளையாட்டுத் துறை விலக்குக் கேட்டுப் பெற்று, அதை நீட்டித்துக்கொண்டே வந்தது. மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் கொடுத்த கடைசி விலக்கு 2018 டிசம்பர் 31 அன்று முடிந்தது. சட்டம் கேட்பது ஆட்டம் முழுவதையும் அல்ல, உரையாடலையும் அதற்கு இட்டுச்செல்லும் மெனுக்களையும் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். காது கேளாதவர் ஆட்டத்தில் வெல்ல முடிகிறதா என்பது சட்டத்தின் கேள்வி அல்ல. அது வடிவமைப்பாளரின் கேள்வி.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது ஒப்பீட்டைப் படிப்பதற்கு உதவும். வேகமான ஆட்டமாக இருந்தால், ஒரு பொத்தானை அழுத்தி இடத்தையோ பொருளையோ சுட்டிக்காட்டி, பேச்சே தேவைப்படாமல் செய்தியைக் கடத்தும் பிங் முறைக்கு முதல் இடம். பேச்சை எழுத்தாக்கும் வசதிக்கு இரண்டாம் இடம், ஆனால் அதை விட்டுவிட முடியாது. யார் துரோகி என்று விவாதித்துக் கண்டுபிடிப்பது போல, பேச்சே ஆட்டமாக இருக்கும் விளையாட்டில் இந்த வரிசை தலைகீழாக மாறும்.

தட்டச்சு போதும் என்ற எண்ணம்

பெரும்பாலான நிறுவனங்கள் முதலில் சொல்லும் பதில், டெக்ஸ்ட் சாட் இருக்கிறதே என்பது. ஆங்கிலத்தில் இயல்பாகப் பேசுபவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் பேசுகிறார். கீபோர்டில் சராசரியாகத் தட்டுபவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 சொற்கள் தட்டுகிறார். கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு திரையில் தெரியும் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்துபவரின் வேகம் இதில் ஒரு சிறு பகுதிதான். வேகத்தைவிடப் பெரிய இடர், பேசுபவரின் கைகள் ஆட்டத்திலேயே இருக்கின்றன, தட்டுபவரின் கைகள் ஆட்டத்தை விட்டு வெளியே வருகின்றன என்பது. மேலும், மூவர் மைக்கில் பேசும் அணியில் நான்காமவர் எழுதுவதை யாரும் படிப்பதில்லை. பதிலும் குரலிலேயே வரும், அது அவருக்கு எட்டாது. டெக்ஸ்ட் சாட் இருந்தே ஆக வேண்டும், ஏனெனில் மற்ற எல்லா வழிகளும் அதன்மேல்தான் நிற்கின்றன. அதைக் காட்டி வேலை முடிந்தது என்று சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

பேச்சை எழுத்தாக்குவது

இந்த வழியில் இரண்டு பாதிகள் உண்டு. பிறர் பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டுவது ஒரு பாதி. காது கேளாதவர் தட்டுவதை இயந்திரக் குரலாக மற்றவர் காதில் ஒலிக்கச் செய்வது மறுபாதி. எக்ஸ்பாக்ஸில் 2017இல் ஹேலோ வார்ஸ் 2 விளையாட்டோடு இது தொடங்கியது; 2021இல் எந்த விளையாட்டை ஆடினாலும் இயங்கும் நண்பர் குழு உரையாடலான பார்ட்டி சாட்டுக்கும் இரண்டு பாதிகளும் வந்தன. பிளேஸ்டேஷன் 5இலும் பார்ட்டி உரையாடலை எழுத்தாக்கும் வசதி உண்டு. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2, தன் கேம்சாட் என்ற உரையாடல் வசதியில் இரண்டு பாதிகளையும் சேர்த்தே கொடுத்தது. ஆக, இது பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டிவிட்ட தொழில்நுட்பம்.

இதன் பெரிய பலம் வெளியே தெரியாத ஓர் இடத்தில் இருக்கிறது. விளையாட்டின் சர்வரில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் மைக் ஒலியும் தனித்தனி ஓடையாக வருகிறது. ஆகவே யார் பேசினார் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிக்கும் பேசியவரின் பெயரையும் நிறத்தையும் தவறின்றி இடலாம். துப்பாக்கிச் சத்தமும் இசையும் அந்த ஓடையில் பெரும்பாலும் கலப்பதில்லை. ஆட்டக்காரரின் கணினியில் ஓடும் பொதுவான கருவி எதுவும் இந்த வசதியைத் தர முடியாது. எழுத்தாக்கத்தை நிறுவனமே செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

செலவு அச்சப்படும் அளவுக்கு இல்லை. பெரிய கிளவுட் சேவைகளில் நேரடி எழுத்தாக்கத்துக்கு ஒரு மணி நேர ஒலிக்கு ஏறத்தாழ ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால், நால்வர் அணிக்கு மணிக்கு நான்கு டாலர் என்று கணக்குப் போட்டுப் பயப்படுவது இயல்பு. ஆனால் யாரும் இடைவிடாமல் பேசுவதில்லை. பேச்சு இருக்கும் நொடிகளை மட்டும் அனுப்பினால், ஆளுக்குப் பத்து நிமிடம் என்று கொண்டாலும் மொத்தம் நாற்பது நிமிடம்தான். ஒரு டாலருக்கும் குறைவு. பேசுபவர் பக்கத்தில் ஒருமுறை எழுத்தாக்கி அணி முழுவதற்கும் அனுப்பிவிட்டால், கேளாதவர் இருவர் இருந்தாலும் செலவு இரட்டிப்பாகாது. அணியில் எவரும் இந்த வசதியை இயக்காதபோது எழுத்தாக்கமே நடக்காது. பேசுபவரின் ஒலி வேறொரு சர்வருக்குப் போகிறது என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை மட்டும் எஞ்சும். இன்னார் கேளாதவர் என்று காட்டிக்கொடுக்காமல், ‘இந்த அணியில் எழுத்தாக்கம் இயங்குகிறது’ என்ற பொதுவான குறிப்பு அதற்குப் போதும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. 2022 ஜூலையில் ரயட் நிறுவனம் வேலரண்ட் விளையாட்டின் ஆங்கிலக் குரல் உரையாடலை வட அமெரிக்காவில் பதிவு செய்து ஆராயத் தொடங்கியது. 2023இல் கால் ஆஃப் டியூட்டி, வசைமொழியைக் கண்டுபிடிக்க டாக்ஸ்மாட் என்ற கருவியைத் தன் குரல் உரையாடலில் பொருத்தியது. ஆட்டக்காரர் பேசுவதை இயந்திரத்தைக் கொண்டு உடனுக்குடன் ஆராய்வதற்குப் பணமும் சர்வரும் துறையிடம் இருக்கின்றன. கண்காணிப்பதற்குச் செய்ய முடிந்ததைப் படிக்கக் கொடுப்பதற்குச் செய்ய இயலாது என்ற வாதம் இதற்குப்பின் எடுபடாது.

பலவீனங்களில் முதலாவது நேரம். நேரடி எழுத்தாக்கக் கருவிகள் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அரைகுறை வரியைக் காட்டி, பேச்சு நின்றபின் அதைத் திருத்தி உறுதி செய்கின்றன. இடப்பக்க மாடியில் எதிரி என்று அணித்தோழர் கூவ ஒன்றரை நொடி. வரி திரையில் நிலைபெற மேலும் ஏறத்தாழ ஒரு நொடி. குறிபார்த்துக்கொண்டிருக்கும் கண் அங்கே போய்ப் படித்துத் திரும்ப இன்னொரு நொடி. அதற்குள் அந்த எதிரி மாடியில் இருக்கமாட்டார், அல்லது நம் ஆட்டக்காரர் உயிரோடு இருக்கமாட்டார். மூவர் ஒரே நேரத்தில் கூச்சலிட்டால் வரிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடும். தொலைக்காட்சி சப்டைட்டிலுக்கு நிமிடத்துக்கு 160 முதல் 180 சொற்கள் என்று பிபிசி வகுத்திருக்கும் வேகம், வேறு எதையும் செய்யாமல் பார்ப்பவருக்கானது. எழுத்து மொழி இரண்டாம் மொழியாக உள்ளவருக்கு இது இன்னும் கடினம்.

இரண்டாவது, தவறு. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற எழுத்தாக்கக் கருவியை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம் என்பதால் சிறு நிறுவனங்களின் கண் அதன்மேல் விழுகிறது. அது 30 நொடித் துண்டுகளாக ஒலியை வாங்கிப் பழகிய கருவி; நேரடி உரையாடலுக்கு வளைக்கத் தனி உழைப்பு வேண்டும். ஆட்டக்காரரின் கணினியிலேயே ஓட்டினால் கிராபிக்ஸ் கார்டின் நேரத்தை ஆட்டத்தோடு பங்குபோடும். இவற்றைவிடக் கவலைக்குரியது, யாரும் பேசாத வாக்கியங்களை அது சில நேரம் தானே உண்டாக்கிவிடுகிறது என்பது. 2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சோதித்த ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில் இது நிகழ்ந்ததைக் காட்டியது, பேச்சின் நடுவே நீண்ட இடைவெளி விடுபவர்களிடம் அதிகமாக. விளையாட்டு உரையாடலோ இடைவெளிகளால் ஆனது. தவறாகக் கேட்ட சொல்லை ஆட்டக்காரர் ஊகித்துத் திருத்திக்கொள்வார். சொல்லப்படாத வசையைத் திரையில் கண்டால் நண்பரோடு சண்டைதான் வரும்.

மூன்றாவது, மறுபாதியாகிய இயந்திரக் குரல். தட்டச்சின் மெதுவான வேகம் இங்கும் தொடர்கிறது. கூடவே, அந்தக் குரல் ஒலித்தவுடன் மற்றவர்களின் கேலி தொடங்கும் வாய்ப்பும் உண்டு. பலவகைக் குரல்களிலிருந்து தேர்வு, அடிக்கடி சொல்லும் வாக்கியங்களை முன்பே எழுதிவைத்து ஒரே பொத்தானில் அனுப்பும் வசதி ஆகிய இரண்டும் இருந்தால் இது பயன்படும். இல்லையென்றால் சட்டத்துக்காக வைத்த பொம்மை.

பேசாமல் சொல்வது

அமெரிக்கச் சட்டத்தின் விலக்கு முடிந்த ஐந்தாவது வாரம், 2019 பிப்ரவரி 4 அன்று, ரெஸ்பான் நிறுவனம் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸை வெளியிட்டது. எழுத்தாக்கமும் இயந்திரக் குரலும் அதில் முதல் நாளிலிருந்தே இருந்தன. ஆனாலும் அந்த விளையாட்டின் பெயரைக் காது கேளாத ஆட்டக்காரர்களிடையே பரப்பியது பிங் முறைதான். பார்க்கும் இடத்தில் ஒருமுறை அழுத்தினால் ‘அங்கே போவோம்’. இருமுறை அழுத்தினால் ‘அங்கே எதிரி’. தரையில் கிடக்கும் துப்பாக்கியின்மேல் அழுத்தினால் அதன் பெயரோடு அறிவிப்பு. அதைப் பார்த்த தோழர் மறுபடி அழுத்தினால் ‘அது எனக்கு’ என்ற பதில். ஒவ்வொரு பிங்கும் ஒரே நேரத்தில் இடத்தில் ஒரு குறியாகவும், திரை ஓரத்தில் எழுத்தாகவும், பாத்திரத்தின் குரலாகவும் வெளிப்படுகிறது. கேட்பவர் கேட்கிறார், கேளாதவர் பார்க்கிறார். இருவருக்கும் ஒரே கணத்தில் ஒரே செய்தி.

எழுத்தாக்கத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ‘இடப்பக்க மாடியில் எதிரி’ என்ற வரியைப் படித்தவர், எந்த இடப்பக்கம், யாருடைய இடம் என்று மறுபடி கணக்கிட வேண்டும். பிங் அந்த மாடியின்மேலேயே சிவப்பாக நிற்கிறது, தூரத்தையும் மீட்டரில் காட்டுகிறது. கேட்கும் திறன் உள்ளவருக்கும் இது பேச்சைவிடத் துல்லியமான செய்தி. அதனால்தான் மைக் இருப்பவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். அதே ஆண்டு ஃபோர்ட்நைட்டும் இதுபோன்ற ஒன்றைச் சேர்த்தது. ரெஸ்பான் குழுவினர் உருவாக்கக் காலத்தில் குரல் உரையாடலை அணைத்துவிட்டு ஆடிப் பார்த்தே இதைச் செம்மைப்படுத்தினார்கள் என்பது, இதே பாதையில் போக நினைப்பவருக்குக் காசு செலவில்லாத பாடம்.

பழைய விதைகளும் உண்டு. ஆயத்த வாக்கியங்களைப் பொத்தானில் அனுப்பும் கவுண்டர் ஸ்ட்ரைக்கின் ரேடியோ கட்டளைகள் இருபதாண்டுகளுக்கும் மேலாக இருக்கின்றன. 2011இல் வந்த போர்ட்டல் 2இல் இருவர் ஆடும் பகுதி, இடத்தைச் சுட்டும் கருவியோடும் சைகைகளோடும் வந்தது. 2015இல் வந்த முதல் ஸ்பிளட்டூன், குரல் உரையாடலே இல்லாமல் சில அறிவிப்புப் பொத்தான்களோடு நால்வர் அணிகளை ஆடவிட்டது. குரலை அறவே சேர்க்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான் என்பதை அது காட்டுகிறது; ஆனால் குரலைத் தராவிட்டால் நண்பர்கள் டிஸ்கார்ட் என்ற தனி உரையாடல் செயலியைத் திறந்துகொள்வார்கள், அங்கே நம் எழுத்தாக்கமும் இருக்காது, பிங்கும் குறையும். நண்பர் குழுக்கள் மிகுதியாக ஆடும் விளையாட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

காப்புரிமை குறித்த தயக்கமும் இப்போது பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஏபெக்ஸின் பிங் முறைக்கான காப்புரிமையை வைத்திருக்கும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், 2021 ஆகஸ்டில் அதையும் வேறு சில அணுகல் காப்புரிமைகளையும் பிற நிறுவனங்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உறுதியளித்தது.

பிங்கின் குறை அதன் இயல்பிலேயே இருக்கிறது. எங்கே, எது, எவர் என்பதற்கு அது பதில் சொல்லும். ஏன் என்பதற்குச் சொல்லாது. ‘இப்போது போக வேண்டாம், வட்டம் சுருங்கும்வரை காத்திருந்து அவர்கள் இருவரும் மோதிக்கொண்டபின் போவோம்’ என்ற வாக்கியத்தை எத்தனை முறை அழுத்தினாலும் கடத்த முடியாது. தோற்றபின் லாபியில், அதாவது ஆட்டங்களுக்கு இடையே அணி கூடும் இடத்தில், நடக்கும் சிரிப்பிலும் பிங்குக்கு இடமில்லை. அணியாக ஆடுவதில் பாதி இன்பம் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது என்பதால், பிங்கை வைத்துவிட்டு உரையாடலைக் கொடுத்துவிட்டதாக நினைப்பது சட்டத்தின்படியும் நியாயத்தின்படியும் நிற்காது. இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது: பிங் செய்ய வேண்டியவர் கேட்கும் ஆட்டக்காரர். மைக் கையில் இருக்கும்போது அவர் அழுத்த மறந்து கூவிவிட்டால் முறை எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை. ஆகவே பிங் குரலைவிட எளிதாக, கட்டைவிரலை நகர்த்தாமல் எட்டும் பொத்தானில் இருக்க வேண்டும். அதற்குச் சிறு பலனும் கொடுக்கலாம், காட்டாகப் பிங் செய்த எதிரியைத் தோழர் வீழ்த்தினால் பிங் செய்தவருக்கும் புள்ளி.

இரண்டு வழிகளையும் இணைக்கும் ஒரு நடுவழியும் உண்டு. முழுப் பேச்சையும் எழுத்தாக்குவது கடினம், ஆனால் ‘எதிரி’, ‘வடக்கு’, ‘குண்டு இல்லை’ போன்ற நூறு சொற்களை மட்டும் பிடிப்பது எளிது, விரைவானது. அச்சொல் மைக்கில் விழுந்தவுடன், பேசியவர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் தானாகவே ஒரு மங்கலான பிங் தோன்றும்படி செய்யலாம். கூவியவர் எதையும் அழுத்த வேண்டியதில்லை. தவறான குறிகளும் தோன்றும் என்பதால், கையால் செய்த பிங்கிலிருந்து வேறுபட்ட தோற்றத்தில் இருக்க வேண்டும். கையில் சிறிது உபரிக் காலம் உள்ள குழு முயன்று பார்க்கத்தக்க வழி இது.

சைகை, சொந்தக் கருவி, மனித எழுத்தர்

சைகை மொழியிலேயே வளர்ந்தவருக்கு எழுத்தைவிட இயல்பானது காணொளியில் சைகை செய்வது. ஸ்விட்ச் 2இன் கேம்சாட், கேமராவை இணைத்தால் நால்வர் வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கை சைகை செய்யாது. சைகை செய்யும் கை ஆடாது. முறை வைத்து ஆடும் விளையாட்டுக்கும், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் லாபியில் பேசுவதற்கும் இது அருமையான வழி. ஓடிக்கொண்டே ஆடும் ஆட்டத்தின் நடுவே உதவாது. மேலும், அணியில் மற்றவர்களுக்கும் அதே சைகை மொழி தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் பேசும் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையேகூடச் சைகை மொழி வேறு. மெய்நிகர் உலகில் நிலைமை வேறு: விஆர்சாட் என்ற மெய்நிகர் உரையாடல் தளத்தில் காது கேளாதோரும் கேட்போரும் சேர்ந்து சைகை மொழி கற்பிக்கும் குழுக்களே உருவாகிவிட்டன, விரல் அசைவுகளை முழுமையாகப் பிடிக்காத கருவிகளுக்கு ஏற்பச் சைகைகளை மாற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். கையே கன்ட்ரோலராக இருக்கும் விளையாட்டைச் செய்பவர் இதை முதல் வழியாகவே கருதலாம்.

ஆட்டக்காரரே தன் கருவியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற வாதமும் கேட்கிறது. விண்டோஸ் 11இல் 2022 முதல் நேரடி கேப்ஷன் வசதி உள்ளது; தானும் காது கேளாதவரான டிமிட்ரி கனெவ்ஸ்கி, கூகுளில் உருவாக்கத்தில் பங்கேற்ற லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி 2019 முதல் ஆண்ட்ராய்டு போன்களில் கிடைக்கிறது. நிறுவனங்கள் கைவிட்ட இடங்களில் இவை உண்மையாகவே கைகொடுக்கின்றன. ஆனால் இவற்றுக்குப் போவது எல்லாம் கலந்த ஒலி. வெடிச்சத்தமும் கதாபாத்திர வசனமும் நண்பர் பேச்சும் ஒன்றாகக் குழைந்து, யார் சொன்னார் என்ற அடையாளமில்லாத ஒரு வரியாக வெளிவரும். குறைந்தபட்சம், குரல் உரையாடலின் ஒலியை மட்டும் வேறொரு ஒலிக்கருவிக்கு அனுப்பும் தேர்வை விளையாட்டு தந்தால் இவை நன்றாக வேலை செய்யும்.

பேச்சைக் கேட்டு உடனுக்குடன் தட்டும் மனித எழுத்தர்கள் போட்டி அரங்குகளுக்குப் பொருந்துவார்கள். அன்றாட ஆட்டத்துக்குக் கட்டுப்படியாகாது.

தமிழில் பேசும் அணி

தமிழ்நாட்டு அணிகளுக்கு விற்க நினைப்பவர் எழுத்தாக்கத்தின் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. இங்கே யாரும் தூய தமிழிலோ தூய ஆங்கிலத்திலோ ஆடுவதில்லை. ‘மச்சி, ரஷ் பண்ணாத, லெஃப்ட்ல ஒருத்தன் இருக்கான், நேட் போடு’ என்ற ஒரே மூச்சில் இரண்டு மொழிகள். மொழியை ஆங்கிலம் என்று அமைத்தால் தமிழ்ப் பகுதி பொருளற்ற ஆங்கிலச் சொற்களாக மாறும். தமிழ் என்று அமைத்தால் ஆட்டச் சொற்கள் சிதையும். பேச்சு வழக்கை எழுத்து வழக்கோடு பொருத்தப் பார்த்தும் இயந்திரம் தடுமாறும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான பேச்சுணர் கருவிகளைத் திறந்த நிலையில் வெளியிட்டுவருவது இதற்கான நல்ல தொடக்கப்புள்ளி. ஆயினும் ஆட்டக்களப் பேச்சுக்கு ஏற்பப் பயிற்றுவிக்கும் உழைப்பு நிறுவனத்தின் தலையில்தான் விழும். பிங்குக்கு இந்தச் சிக்கலே இல்லை. கோவைக்காரர் பிங் செய்வதை யாழ்ப்பாணத்தவரும் ஜப்பானியரும் தத்தம் மொழியில் படிக்கலாம். என் வரிசையில் பிங் முன்னே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த விளையாட்டுக்கு எது

சுடும் விளையாட்டுக்கும் பந்தயத்துக்கும் பிங்கிலேயே உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும். எழுத்தாக்கத்துக்கு, எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோலோ ஆயத்த சேவையோ தருவதை வாங்கிப் பொருத்தினால் போதும். யூனிட்டியின் விவாக்ஸ், மைக்ரோசாஃப்ட்டின் பிளேஃபேப் பார்ட்டி போன்றவை குரல் உரையாடலோடு இந்த வசதிகளையும் தருகின்றன. எழுத்தாக்கக் கருவியைத் தாமே புதிதாக உருவாக்க முனைவது வீண்.

பேச்சே ஆட்டமாக இருக்கும் விளையாட்டில் பிங்குக்கு வேலையில்லை. 2018இல் வந்த அமாங் அஸ்ஸின் இணைய ஆட்டத்தில் எழுத்து உரையாடல்தான் இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அது பெரும் புகழடைந்தபோது நண்பர்கள் டிஸ்கார்ட் குரலுக்கு மாறிக்கொள்ள, முதலில் எல்லாருக்கும் திறந்திருந்த ஆட்டம் காது கேளாதோருக்கு மூடிக்கொண்டது. இவ்வகைக்கு எழுத்தாக்கம் முதல் தேவை. அதோடு ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசும் முறையை விருப்பத் தேர்வாகக் கொடுத்தால், படிப்பவர் பின்தங்காமல் வாதத்தில் கலந்துகொள்ள முடியும். விவாதத்துக்கான நேரத்தையும் அணியே நீட்டிக்கொள்ளும்படி விட வேண்டும்.

மிகக் கடினமானது, 2023இல் வந்த லீத்தல் கம்பெனி போல, அருகில் இருப்பவரின் குரல் மட்டும் கேட்கும் விளையாட்டு. அங்கே தூரமும் திசையும் பேச்சின் பொருளில் சேர்ந்தவை. தோழரின் குரல் திடீரென்று அறுபட்டால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். எல்லா வரிகளையும் ஒரே தெளிவோடு திரையின் அடியில் அடுக்கினால் இரண்டு வகையில் கெடும்: தொலைவில் கேட்கக்கூடாததையும் கேளாதவர் படித்துவிடுவார், அச்சமும் போய்விடும். எழுத்து பேசுபவரின் தலைக்குமேல் தோன்றி, தூரத்துக்கு ஏற்ப மங்கி, சுவருக்குப் பின்னால் இருந்தால் எழுத்துகள் சில விடுபட்டு, பாதி வாக்கியத்தில் அறுபட வேண்டும். திரைக்கு வெளியே இருப்பவருக்கு, ஃபோர்ட்நைட் காலடி ஓசையைத் திரை நடுவைச் சுற்றிக் குறிகளாகக் காட்டுவதுபோல், திசைக் குறி வேண்டும். ஆயத்த சேவை எதுவும் இதைச் செய்துதராது. வடிவமைப்பாளர் அமர்ந்து யோசித்தே தீர வேண்டிய வேலை.

எவ்வகையாயினும் எழுத்தளவில் கஞ்சத்தனம் கூடாது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் அணுகல் வழிகாட்டி கன்சோலில் 1080பி திரைக்கு 26 பிக்சலைக் குறைந்தபட்ச எழுத்தளவாகப் பரிந்துரைக்கிறது. உரையாடல் எழுத்தாக்கத்துக்கென்றே 119 என்ற எண்ணில் தனி அத்தியாயமும் அதில் உண்டு. பின்புலத்தில் கருமையான பட்டை, பழைய வரிகளைத் திருப்பிப் பார்க்கும் வசதி, பெட்டியை விரும்பிய இடத்துக்கு நகர்த்தும் உரிமை ஆகியவை இல்லாமல் வெளியிடுவதைவிட வெளியீட்டை ஒரு மாதம் தள்ளிவைப்பது நல்லது.

சோதனைக்குக் காது கேளாத ஆட்டக்காரர்களை அழைக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் அவர்களைத் தனி அறையில், தனி அணியாக அமர்த்திவிடுகின்றன. அங்கே எல்லாரும் பிங் செய்வார்கள், எல்லாரும் எழுதுவார்கள், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். காது கேளாத ஒருவரை, அவரை முன்பின் அறியாத, மைக் வைத்திருக்கும் மூவரோடு அமர்த்தி, அவர்களிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லாமல் ஆடவிட வேண்டும். அப்போது குறித்துக்கொள்ள வேண்டியவை அந்த மூவர் எத்தனை முறை பிங் செய்கிறார்கள், இயந்திரக் குரலில் வந்த கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்கிறார்கள், திட்டம் மாறும்போது நான்காமவருக்கு அது தெரிய எத்தனை நொடி ஆகிறது என்பவை. இந்த மூன்று எண்களும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு ஒருமுறையும், பின்பு ஒருமுறையும் கையில் இருந்தால், அடுத்த மாதச் சம்பளத்தைப் பிங்குக்குக் கொடுப்பதா எழுத்தாக்கத்துக்குக் கொடுப்பதா என்பதை அந்தக் குழுவே கணக்குப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.